சிவப்புப் பூசிய கிணறுகள்

வங்காளதேசத்துச் சமவெளியில் ஒரு குழாய்க்கிணறு இறக்கப் பெரிய இயந்திரம் எதுவும் தேவையில்லை. மூங்கில் கட்டிச் சாரம் எழுப்புவார்கள். தரையில் ஒரு சிறு குழி தோண்டி நீர் நிரப்பி, அதில் இரும்புக் குழாயைச் செங்குத்தாக நிறுத்துவார்கள். கீழே நிற்பவர்கள் நீண்ட மூங்கிலை நெம்புகோலாகக் கொண்டு குழாயை ஏற்றி இறக்குவார்கள். சாரத்தின் மேல் அமர்ந்திருப்பவர் தன் உள்ளங்கையால் குழாயின் வாயை மூடியும் திறந்தும் கொடுப்பார். குழாய் மேலெழும்போது கை மூடியிருக்கும், இறங்கும்போது விலகும். ஒவ்வோர் இறக்கத்துக்கும் சேறும் மணலும் குழாய் வழியே பீறிட்டு வெளியேற, குழாய் மண்ணுக்குள் போய்க்கொண்டே இருக்கும். கங்கையும் பிரம்மபுத்திராவும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சுமந்துவந்து பரப்பிய மென்மையான வண்டல் அது. குறுக்கே பாறை வராது. பெரும்பாலும் ஒரே நாளில் வேலை முடிந்துவிடும். மேலே ஒரு வார்ப்பிரும்பு அடிபம்பைப் பொருத்தினால் வீட்டு வாசலில் தண்ணீர்.

இவ்வளவு எளிமையான, இவ்வளவு மலிவான, ஏழைகளின் கைக்கு இவ்வளவு எட்டக்கூடிய ஒரு தொழில்நுட்பம் வளரும் நாடுகளுக்கான உதவித் திட்டங்களின் வரலாற்றில் அரிது. 1972க்குப் பிறகான கால் நூற்றாண்டில் இத்தகைய கிணறுகள் அந்நாட்டில் இலட்சக்கணக்கில் பெருகின. அந்தத் தண்ணீரைக் குடித்தவர்களுக்கு நேர்ந்ததைப் பற்றி 2000ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்விதழில் எழுதிய ஆலன் ஸ்மித் முதலானோர், வரலாற்றில் ஒரு மக்கள்தொகை முழுவதற்கும் நிகழ்ந்த நச்சூட்டல்களில் இதுவே மிகப்பெரியது என்று குறிப்பிட்டனர்.

இதைக் கேட்டவுடன் வெளிநாட்டு உதவியே சதி என்று தீர்ப்பெழுதிவிடுவது எளிது. நம் சூழலில் அப்படி எழுதப்பட்ட கட்டுரைகளுக்குப் பஞ்சமும் இல்லை. ஆனால் அதே நாட்டில், ஏறத்தாழ அதே ஆண்டுகளில், அதேபோல வெளிநாட்டுப் பணத்தைக் கொண்டு நடந்த இன்னொரு திட்டம் எண்ணற்ற குழந்தைகளை உயிரோடு வைத்தது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போதுதான் உதவி எங்கே பிழைக்கிறது என்பது புலப்படுகிறது. வரலாற்று மாணவர்கள் செய்ய வேண்டிய வேலை அதுதான் என்று நினைக்கிறேன்.

*

குழாய்க்கிணறு அந்த மண்ணுக்குப் புதியதல்ல. ஆங்கிலேயர் காலத்திலேயே வந்துவிட்டது. ஆனால் பெரும்பாலான கிராமத்தவர் குளத்து நீரையும் ஆற்று நீரையுமே குடித்துவந்தனர். குளிப்பது, பாத்திரம் கழுவுவது, மாடு கழுவுவது எல்லாம் அதே நீரில்தான். மழைக்காலத்தில் மனிதக் கழிவும் அதில்தான் வந்து சேரும். வங்காளக் கழிமுகத்தைக் காலராவின் தாயகம் என்றே மருத்துவ வரலாறு சொல்லும். 1960இல் டாக்காவில் காலரா ஆராய்ச்சிக்கென்றே தனி ஆய்வுக்கூடம் நிறுவப்பட்டதும், 1963 முதல் மத்லப் என்ற ஊரில் அதன் களநிலையம் இயங்கத் தொடங்கியதும் அதனால்தான்.

1970 நவம்பரில் போலா புயல். மூன்று இலட்சம் பேராவது இறந்திருப்பார்கள் என்பது பொதுவான மதிப்பீடு. 1971இல் போர், ஒரு கோடி அளவிலான அகதிகள் இந்தியாவுக்குள் வந்தனர். அந்த இடிபாடுகளின் மேல்தான் புதிய நாடு எழுந்தது. அரசின் பொதுச் சுகாதாரப் பொறியியல் துறையும் யூனிசெஃப் நிறுவனமும் கைகோத்துக் கிராமங்களுக்குக் குழாய்க்கிணறு வழங்கும் திட்டத்தை முன்னெடுத்தன. குளத்து நீரில் கிருமி உண்டு, நிலத்தடி நீர் மணலில் வடிகட்டப்பட்டது, ஆகவே அதைக் குடியுங்கள் என்பது செய்தி. செய்தியில் பிழையில்லை. மக்களும் முதலில் தயங்கினாலும் பின்னர் மனமுவந்து ஏற்றனர். அரசு இறக்கிய கிணறுகளைவிட மக்கள் தம் சொந்தப் பணத்தில் இறக்கிக்கொண்ட கிணறுகளே பல மடங்கு அதிகமாயின. பெண் குடமெடுத்து நடக்கும் தொலைவு குறைந்தது. வாசலில் ஓர் அடிபம்பு இருப்பது குடும்பத்துக்குக் கௌரவம் என்றானது.

திட்டம் தீட்டுபவர்களின் நோக்கில் குழாய்க்கிணற்றைப் போல வசதியான பொருள் வேறில்லை. அதை எண்ணலாம். ஒரு கிணற்றுக்கு இவ்வளவு செலவு, ஒரு கிணற்றுக்கு இத்தனை பேர், இந்த ஆண்டு இத்தனை கிணறுகள் என்று அட்டவணை போடலாம். உதவி தரும் நாட்டின் நாடாளுமன்றத்தில் கேள்வி எழுந்தால் எண்ணைக் காட்டலாம். 1997 வாக்கில், 2000ஆம் ஆண்டுக்குள் நூற்றுக்கு எண்பது பேருக்குப் பாதுகாப்பான குடிநீர் என்ற இலக்கு அதற்கு முன்பே எட்டப்பட்டுவிட்டதாகச் சொல்லப்பட்டது. அந்த வாக்கியத்தில் ‘பாதுகாப்பான’ என்ற சொல்லுக்குப் பொருள் ஒன்றே ஒன்றுதான்: குழாய்க்கிணற்றிலிருந்து வந்தது.

அந்தச் சொல்லைச் சோதித்துப் பார்க்கும்படியான ஒரு குரல் முன்பே எழுந்திருந்தது. 1976இல் லான்செட் இதழில் மத்லப் பகுதி ஆய்வொன்று வெளியானது. குழாய்க்கிணற்று நீரைக் குடித்தவர்களுக்கும் காலராவும் பிற வயிற்றுப்போக்கு நோய்களும் குறையவில்லை என்பது அதன் முடிவு. காரணத்தை ஊகிப்பது கடினமல்ல. குடிப்பதற்கு மட்டும் கிணறு. குளிப்பதற்கும் வாய் கொப்பளிப்பதற்கும் பாத்திரம் கழுவுவதற்கும் பழைய குளம். கழிப்பறை கிடையாது. கை கழுவும் பழக்கம் கிடையாது. கிணறு எண்ணப்பட்டது, கிணற்றைச் சுற்றியிருந்த வாழ்க்கை எண்ணப்படவில்லை. அந்த ஆய்வு ஆய்வாளர்களிடையே விவாதிக்கப்பட்டது. கிணறுகளின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது.

*

இனி இரண்டாவது திட்டம்.

1968இல் டாக்கா ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய டேவிட் நலின், ரிச்சர்ட் காஷ் என்ற இரு இளம் அமெரிக்க மருத்துவர்கள், உப்பும் குளுக்கோசும் சரியான அளவில் கலந்த நீரை வாய்வழியாகக் கொடுத்தே காலரா நோயாளிகளின் நீரிழப்பைப் பெருமளவு ஈடுசெய்ய முடியும் என்று மெய்ப்பித்தனர். குடல் நோயுற்றிருக்கும்போதும் சர்க்கரை தன்னோடு உப்பையும் நீரையும் உடலுக்குள் இழுத்துச் செல்லும் என்பதே அதன் சூட்சுமம். 1971இல் வங்காள எல்லையிலிருந்த பன்காவ் அகதி முகாமில் நரம்பு வழியே ஏற்றும் மருந்து தீர்ந்துபோன நிலையில், கொல்கத்தா மருத்துவர் திலீப் மகலனாபிஸ் இந்தக் கரைசலைப் பீப்பாய்களில் கலந்து நோயாளிகளின் உறவினர் கையாலேயே கொடுக்கச் செய்தார். நூற்றுக்கு முப்பது என்றிருந்த இறப்பு அவருடைய பராமரிப்பில் இருந்தோரிடையே மூன்று அளவுக்கு இறங்கியது.

ஆனால் மருத்துவமனையிலும் முகாமிலும் வேலை செய்வது வேறு. சாலையில்லாத கிராமத்தில் நள்ளிரவில் குழந்தைக்குப் பேதி கண்டால் தாய் என்ன செய்வாள் என்பது வேறு. இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டது ஃபசலே ஹசன் அபெத் 1972இல் தொடங்கிய பிராக் என்ற தொண்டு நிறுவனம். 1979இல் வடகிழக்கே சுல்லா பகுதியில் சோதித்துப் பார்த்துவிட்டு, 1980இல் அவர்கள் நாடு தழுவிய திட்டத்தில் இறங்கினர். பொட்டலம் எதுவும் வழங்கவில்லை. மருந்து எதையும் விற்கவில்லை. மூன்று விரலால் எடுத்த ஒரு சிட்டிகை உப்பு, ஒரு பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர்: இதை ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு தாய்க்கும் நேரில் சொல்லிக் கொடுப்பது. அவ்வளவுதான் திட்டம்.

சொல்லிக் கொடுக்கப் போனவர்கள் கிராமத்துப் பெண்கள். அதிகம் படித்தவர்கள் அல்லர். குழுவாகச் சென்று, ஊரிலேயே தங்கி, வீடு வீடாக நடந்தார்கள். பெண்கள் அப்படி ஊர் ஊராகத் தங்கி வேலை செய்வது அந்நாளில் அங்கே வழக்கமில்லாதது. தாயின் கையாலேயே உப்பை எடுக்கச் செய்து, அவள் வீட்டுப் பாத்திரத்திலேயே அரை சேருக்குக் கோடு கிழித்து, அவளே கலந்து காட்டும் வரை உட்கார்ந்திருந்தார்கள். ஒரே நாளில் பல வீடுகளுக்குப் போனால் கற்பித்தல் தேய்ந்துபோகிறது என்று கண்டு, நாளொன்றுக்கு இத்தனை பேருக்கு மேல் கூடாது என்று வரம்பும் வைத்தார்கள். தன் எண்ணிக்கைக்குத் தானே மேல்வரம்பு விதித்துக்கொண்ட உதவித் திட்டம் வேறொன்று இருந்ததா என்று நான் யோசித்ததுண்டு.

இதைவிட முக்கியமானது ஊதிய முறை. கற்பித்த பெண் எத்தனை வீட்டுக்குப் போனாள் என்பதற்குக் கூலி இல்லை. ஏறத்தாழ ஒரு மாதம் கழித்து வேறொரு குழு வரும். சீட்டுக் குலுக்கியதுபோலச் சில வீடுகளைத் தேர்ந்து, தாயிடம் கேள்வி கேட்கும். கரைசலைக் கலக்கச் சொல்லி, அதில் சிறிது எடுத்து உப்பின் அளவைச் சோதனைக்கு அனுப்பும். தாய்க்கு எவ்வளவு நினைவிருக்கிறதோ அதைப் பொறுத்துத் தரம். அந்தத் தரத்தைப் பொறுத்து ஆசிரியைக்கு ஊதியம். மறந்துபோன வீட்டுக்கு ஒன்றுமில்லை. கல்லூரியில் பாடம் நடத்திப் பிழைக்கும் எனக்கு இதைப் படித்தபோது ஒரு கணம் வயிற்றைக் கலக்கியது என்பதை ஒப்புக்கொள்கிறேன். நான் நடத்திய பாடம் ஒரு மாதம் கழித்து மாணவரிடம் எவ்வளவு எஞ்சியிருக்கிறது என்று பார்த்துச் சம்பளம் தருவார்களானால்?

இந்தச் சோதனையும் போதவில்லை என்பதுதான் கதையின் திருப்பம். தாய்மார் பாடத்தைச் சரியாக ஒப்பித்தார்கள். கரைசலையும் பிழையின்றிக் கலந்தார்கள். ஆனால் குழந்தைக்குப் பேதி கண்டபோது மிகச் சிலரே அதைக் கொடுத்தார்கள். ஏன் என்று விசாரித்தபோது வெளிவந்தவற்றுள் ஒன்று: கற்பித்த பெண்களிலேயே பலர் தமக்குப் பேதி வந்தால் மாத்திரையைத்தான் தேடினார்கள். தான் நம்பாததை ஒருவர் எவ்வளவு திறம்படச் சொன்னாலும் கேட்பவர் கண்டுகொள்வார் போலும். கற்பித்த பெண்களுக்குக் கரைசல் எப்படி வேலை செய்கிறது என்பதை விளக்கி, தாங்களே அதைக் குடிக்கச் செய்தார்கள். ஊரின் ஆண்களிடமும் பேசினார்கள். வீட்டில் முடிவெடுப்பவர் பெரும்பாலும் அவர்களே. பயன்பாடு மெல்ல ஏறியது. 1990இல் திட்டம் முடிந்தபோது ஒரு கோடியே இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் பாடம் நடந்திருந்தது. இன்று உலகில் இந்தக் கரைசலை மிக அதிகமாகப் பயன்படுத்தும் நாடுகளில் வங்காளதேசம் முன்வரிசையில் நிற்கிறது. 2010களில் பேதி கண்ட குழந்தைகளில் ஏறத்தாழ ஐந்தில் நால்வருக்கு அது கொடுக்கப்பட்டது.

இதற்கும் வெளிநாட்டுப் பணம்தான் செலவானது. ஆகவே வேறுபாடு பணம் வந்த திசையில் இல்லை.

*

கிணறுகளுக்குத் திரும்புவோம்.

1983இல் கொல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியின் தோல்நோய் நிபுணர் கே. சி. சாகாவிடம் சில கிராமவாசிகள் வந்தார்கள். மார்பிலும் முதுகிலும் மழைத்துளி தெறித்தாற்போலக் கறுப்பும் வெளுப்புமான புள்ளிகள். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் ஆணிக்காய்போல் தடித்த தோல். இவை நாட்பட்ட ஆர்சனிக் நஞ்சின் அடையாளங்கள் என்று அவர் கண்டார். நம் ஊரில் வெள்ளைப் பாஷாணம் என்று வழங்கும் கொடிய நஞ்சு ஆர்சனிக்கின் சேர்மமே. நோயாளிகள் மேற்கு வங்கத்தவர். நஞ்சு வந்த வழி குழாய்க்கிணற்று நீர். 1987 வாக்கில் எல்லைக்கு அப்பாலிருந்து வந்தவர்களிடமும் அதே அடையாளங்கள் காணப்பட்டன.

ஆற்று வண்டலுக்கு அரசியல் எல்லை கிடையாது. இமயத்திலிருந்து அடித்துவரப்பட்ட மணல் துகள்களின் மேல் இரும்புத் துரு போன்ற ஒரு பூச்சு உண்டு. ஆர்சனிக் அந்தப் பூச்சில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆழத்தில், பிராணவாயு எட்டாத இடத்தில், மக்கிய தாவரப் பொருளை உண்ணும் நுண்ணுயிர்கள் அந்த இரும்பைக் கரைக்கும்போது ஆர்சனிக்கும் நீரில் கலக்கிறது. மேலோட்டமான குளத்து நீரில் இது நிகழ்வதில்லை. கிருமிக்குப் பயந்து மக்கள் எந்த ஆழத்துக்குப் போனார்களோ அங்கேதான் இது காத்திருந்தது. நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. தோலில் தெரியவே பல ஆண்டுகள் ஆகும். தோல், நுரையீரல், சிறுநீர்ப்பை ஆகியவற்றில் புற்றாக வெளிப்பட அதனினும் நெடுங்காலம் பிடிக்கும்.

வங்காளதேசத்தில் இது அதிகாரபூர்வமாக உறுதிசெய்யப்பட்டது 1993இல், மேற்கெல்லையில் உள்ள சபாய் நவாப்கஞ்ச் மாவட்டத்தில். ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் திபங்கர் சக்கரவர்த்தி போன்றோர் தொடர்ந்து குரல் கொடுத்தும், 1995இல் கொல்கத்தாவில் பன்னாட்டு மாநாடு நடந்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. சாகாவின் முதல் நோயாளிக்கும் அந்த மாநாட்டுக்கும் இடையே பன்னிரண்டு ஆண்டுகள். அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளிலும் மூங்கில் சாரங்களின் மேல் உள்ளங்கைகள் குழாய்களை மூடித் திறந்துகொண்டே இருந்தன.

யாருக்கும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை என்று சொல்லலாமா? உலக சுகாதார நிறுவனத்தின் குடிநீர்த் தர ஆவணம் 1958லேயே ஆர்சனிக்குக்கு வரம்பு விதித்திருந்தது. 1963இல் லிட்டருக்கு 50 மைக்ரோகிராம் என்று அதை இறுக்கியது. 1993இல் 10 ஆக்கியது. தைவானில் ஆழ்கிணற்று நீரால் வந்த ஆர்சனிக் நோயைப் பற்றிய விரிவான ஆய்வு 1968இல் வெளிவந்திருந்தது. எனினும் வண்டல் மண்ணின் நீரில் ஆர்சனிக் இருக்கும் என்று 1970களில் எவரும் எதிர்பார்க்கவில்லை. கிணற்று நீருக்கான வழக்கமான சோதனைகளில் அது இடம்பெறவும் இல்லை. எதிர்பாராமை குற்றமல்ல. ஆனால் பட்டியலில் இருந்த ஒன்றை, கோடிக்கணக்கானோர் குடிக்கப்போகும் நீரில் ஒருமுறையேனும் தேடிப் பார்த்திருக்கலாம் அல்லவா என்ற கேள்வி மறைவதில்லை.

இந்தக் கேள்வி நீதிமன்றத்துக்கும் போனது. 1992இல் பிரிட்டிஷ் நிலவியல் ஆய்வகம், பிரிட்டிஷ் அரசின் உதவி நிதியில், வங்காளதேசத்தின் நடு, வடகிழக்குப் பகுதிகளின் நிலத்தடி நீரைப் பரிசோதித்து அறிக்கை தந்தது. பல தனிமங்கள் சோதிக்கப்பட்டன, ஆர்சனிக் சோதிக்கப்படவில்லை. அறிக்கை அதைப் பற்றி ஒன்றும் சொல்லாததால் நீர் பாதுகாப்பானது என்று கருதப்பட்டது; அதனால் தாம் நோயுற்றோம் என்று கிராமவாசி ஒருவர் இலண்டனில் வழக்குத் தொடுத்தார். உயர் நீதிமன்றம் 2003இல் வழக்கை விசாரிக்கலாம் என்றது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2004இல் மறுத்தது. 2006 ஜூலையில் பிரபுக்கள் அவை அந்த மறுப்பை ஒருமனதாக உறுதிசெய்தது. அறிக்கை எழுதியவர்களுக்கு வங்காளதேசத்தின் குடிநீர் வழங்கலின் மீது கட்டுப்பாடும் இல்லை, பொறுப்பும் இல்லை. ஆகவே அந்த மக்களிடம் சட்டப்படியான கவனக் கடமையும் இல்லை என்பது தீர்ப்பின் சாரம்.

சட்டப்படி இத்தீர்ப்பு சரியாகவே இருக்கலாம். ஆனால் அது ஓர் உண்மையை அப்பட்டமாக்கிவிட்டது. பணம் தந்தவருக்கு அவருடைய நாட்டு மக்களிடம் பொறுப்பு. ஆய்வு செய்தவருக்குப் பணம் தந்தவரிடம் பொறுப்பு. துறைக்கு எண்ணிக்கையிடம் பொறுப்பு. அடிபம்பை அழுத்தித் தண்ணீர் குடிப்பவரிடம் பொறுப்புள்ளவர் அந்தச் சங்கிலியில் எவருமில்லை. பிராக் திட்டத்தில் மாதம் ஒன்று கழிந்து வந்து தாயின் வீட்டு வாசலில் நின்ற அந்தச் சோதனைக் குழுவுக்கு ஈடான ஒன்று, கிணற்றின் வாசலுக்கு வரவே இல்லை.

*

1998–99இல் பிரிட்டிஷ் உதவியுடன் நாடளாவிய கணக்கெடுப்பு நடந்தது. 61 மாவட்டங்களில் 3,534 கிணறுகள் சோதிக்கப்பட்டன. 150 மீட்டருக்குக் குறைந்த ஆழமுள்ள கிணறுகளில் 27 சதவீதம் வங்காளதேசத்தின் வரம்பான 50 மைக்ரோகிராமைத் தாண்டின. 10 என்ற உலக வரம்பை 46 சதவீதம் தாண்டின. முதல் வரம்புக்கு மேல் குடித்தவர்கள் மூன்றரைக் கோடி என்றும், இரண்டாம் வரம்புக்கு மேல் ஐந்தேமுக்கால் கோடிக்குச் சற்றுக் குறைவு என்றும் மதிப்பிடப்பட்டது. ஆழமான கிணறுகளில் நூற்றில் ஒன்றே கெட்டிருந்தது.

இதில் கொடுமையான நுட்பம் ஒன்று உண்டு. ஒரே ஊரில், ஐம்பதடி தள்ளியிருக்கும் இரண்டு கிணறுகளில் ஒன்று நஞ்சாகவும் மற்றது நல்ல நீராகவும் இருக்கலாம். சராசரிக் கணக்கு எந்தக் குடும்பத்துக்கும் உதவாது. ஒவ்வொரு கிணற்றையும் தனித்தனியே சோதித்தாக வேண்டும். 1998இல் உலக வங்கிக் கடனுடன் தொடங்கிய திட்டமும் யூனிசெஃப் உள்ளிட்ட பிற அமைப்புகளும் அதைத்தான் செய்தன. ஏறத்தாழ 50 இலட்சம் கிணறுகள் சோதிக்கப்பட்டு, நல்ல கிணற்றின் அடிபம்புக்குப் பச்சையும் கெட்டதற்குச் சிவப்பும் பூசப்பட்டன. சிவப்புப் பூசப்பட்டவை சுமார் 14 இலட்சம்.

நேற்றுவரை வீட்டின் கௌரவமாக நின்ற பம்பு ஒரே நாளில் களங்கமானது. தோலில் புள்ளி விழுந்த பெண்ணுக்கு வரன் தட்டிப்போனது. நோயைத் தொற்று என்று அஞ்சி விலக்கினார்கள். பச்சைக் கிணறு வைத்திருப்பவர் வீட்டு முற்றத்தில் நின்று தண்ணீர் கேட்க வேண்டியதாயிற்று. பழையபடி குளத்துக்குப் போகலாமென்றால் பேதி காத்திருக்கிறது. எனினும் இதே காலத்தில் ஆராய்ஹஜார் பகுதியில் கொலம்பியா பல்கலைக்கழகத்தினர் நடத்திய நீண்டகால ஆய்வு, தம் கிணற்றின் நிலை இன்னதென்று தெளிவாகத் தெரிவிக்கப்பட்டால் மக்களில் கணிசமானோர் அருகிலிருக்கும் நல்ல கிணற்றுக்கு மாறிக்கொள்கிறார்கள் என்று காட்டியது. சரியான செய்தி சரியான வாசலுக்குப் போய்ச் சேர்ந்தால் அதுவே பாதி மருந்து. வெல்லமும் உப்பும் சொன்ன பாடமும் அதுதானே?

ஆனால் மறுபாதி மருந்துக்கு ஆழ்கிணறுகள் வேண்டும். அவை செலவு மிக்கவை. யாருக்குக் கிடைக்கும் என்பது அரசியலாகிவிடுகிறது. மனித உரிமைக் கண்காணிப்பகம் 2016இல் வெளியிட்ட அறிக்கை, அரசின் புதிய ஆழ்கிணறுகளில் பாதியளவுக்கு இடம் தீர்மானிப்பதில் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குச் செல்வாக்கு உண்டு என்றும், பல கிணறுகள் தேவையுள்ள ஊர்களுக்குப் போகாமல் வேண்டியவர்களின் வீட்டருகே போய்ச் சேர்ந்தன என்றும் குறை சொன்னது. அப்போதும் சுமார் இரண்டு கோடிப் பேர் வரம்பைத் தாண்டிய நீரையே குடித்துக்கொண்டிருந்தனர். இம்முறையும் ஆழ்கிணறுகள் எண்ணப்பட்டன. அவற்றைக் குடிப்பவர் யார் என்பது எண்ணப்படவில்லை.

*

கழிப்பறையின் கதையையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1999–2000 வாக்கில் ராஜ்ஷாஹி மாவட்டத்து மோஸ்மோயில் என்ற கிராமத்துக்குக் கமல் கார் என்ற இந்திய வல்லுநர் சென்றார். மானியத்தில் கழிப்பறை கட்டித்தரும் திட்டமொன்றை மதிப்பிடுவது அவர் வேலை. கழிப்பறைகள் இருந்தும் மக்கள் வெளியே போவது நிற்கவில்லை என்று கண்டார். எத்தனை கட்டினோம் என்று எண்ணுவதை விட்டு, இந்த ஊரில் வெளியே போவது முற்றாக நின்றதா என்று கேட்கச் சொன்னார். ஊர்மக்களையே தம் ஊரைச் சுற்றி நடக்கவைத்து, மலம் எங்கே கிடக்கிறது, அது எப்படித் தம் வாய்க்கு வந்து சேர்கிறது என்று அவர்களையே கணக்குப் போடச் செய்தார். அந்த முறை அங்கிருந்து அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் பரவியது. வங்காளதேசத்தில் 1990இல் மூன்றில் ஒருவராக இருந்த திறந்தவெளிப் பழக்கம் 2015இல் நூற்றுக்கு ஒருவராகக் குறைந்ததாகப் பன்னாட்டுக் கணக்கு சொல்கிறது. இதில் இந்த முறையின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம். ஏழையை ஊர் நடுவே நாணவைத்துத் திருத்துவது அறமா என்ற எதிர்ப்பும் உண்டு, அது புறந்தள்ளக்கூடியதல்ல. ஆயினும் எண்ண வேண்டியது எது என்ற கேள்வியை அது மாற்றியது.

அந்த மாற்றம் ஐக்கிய நாடுகள் அவையின் மொழிக்குள் வர நெடுநாள் ஆயிற்று. புத்தாயிரம் வளர்ச்சி இலக்குகள் குடிநீர் ஆதாரத்தின் வகையை எண்ணின. நீரைச் சோதிக்கச் சொல்லவில்லை. கல்வியிலும் பள்ளியில் சேர்ந்தவர்களையும் தொடக்கக் கல்வியை முடித்தவர்களையும் எண்ணின, கற்றதை எண்ணவில்லை. 2012இல், குடிநீர் இலக்கு 2010லேயே எட்டப்பட்டுவிட்டது என்று உலகம் கொண்டாடியது. 2015இல் வந்த புதிய இலக்குகளில்தான் ‘பாதுகாப்பாகப் பராமரிக்கப்படும் நீர்’ என்ற சொல்லுக்கு இலக்கணம் விரிந்தது: வீட்டிலேயே கிடைக்க வேண்டும், வேண்டும்போது கிடைக்க வேண்டும், மலக்கிருமி இருக்கக் கூடாது, ஆர்சனிக்கும் ஃபுளோரைடும் இருக்கக் கூடாது. கல்வி இலக்கில் கற்றல் விளைவு என்ற சொல் இடம்பெற்றது. சொல்லின் பொருளை ஆராய்வதே தொழிலாகக் கொண்ட எனக்கு, ஒரு சொல்லின் இலக்கணத்தில் ஒரு நஞ்சின் பெயர் ஏறுவதற்கு இத்தனை உயிர்கள் வேண்டியிருந்தன என்பது எளிதில் கடந்துபோகக்கூடிய செய்தியாக இல்லை.

கிணறு இறக்கியவர்கள் கெட்டவர்கள் அல்லர். குளத்து நீரால் குழந்தைகள் மடிவதைக் கண்டு மனம் பொறாமல் வந்தவர்கள். அந்தக் கிணறுகள் பெண்களின் சுமையைக் குறைத்தன என்பதும், ஆழமான கிணறுகளே இன்றும் பலருக்குத் தீர்வாக இருக்கின்றன என்பதும் உண்மை. பிழை, வேலை முடிந்தது என்று அவர்கள் எப்போது கருதினார்கள் என்பதில் இருக்கிறது. பம்பைப் பொருத்தியதும் முடிந்தது என்றது ஒரு திட்டம். ஒரு மாதம் கழித்துத் திரும்பிவந்து, தாய் கலந்த கரைசலைச் சோதித்த பிறகும் முடியவில்லை, அவள் ஏன் கொடுக்கவில்லை என்று கேட்டது மற்றொன்று. திரும்பி வருவதற்கான செலவை எந்த நன்கொடையாளரும் மகிழ்ச்சியோடு தருவதில்லை. திறப்பு விழா உண்டு. திரும்பி வரும் விழா என்று ஒன்று கிடையாது.

சிவப்பும் பச்சையும் பூசி இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. மழையிலும் வெயிலிலும் பல பம்புகளில் வண்ணம் உதிர்ந்துவிட்டது. எது சிவப்பாக இருந்தது என்பது பழையவர்களின் நினைவில் மட்டும் இருக்கிறது. அதற்குப் பின் மக்கள் தாமாக இறக்கிக்கொண்ட கிணறுகள் இலட்சக்கணக்கில் உண்டு. அவற்றுள் பலவற்றின் நீர் ஒருமுறைகூடச் சோதிக்கப்பட்டதில்லை. அந்தப் பம்புகளுக்கு நிறமே இல்லை.